கிள்ளானும் காப்பார் சாலையும்

ஷா ஆலம் 1978இல்தான் சிலாங்கூரின் தலைநகரானது. நகரம் எழுவதற்கு முன் அங்கே இருந்தவை ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். அங்கிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கி மகிழுந்தைச் செலுத்தினால், நெரிசல் இல்லாத நாளில் அரை மணி நேரத்திற்குள் கிள்ளான் வந்துவிடும். இது கோலாலம்பூருக்கும் மூத்த ஊர்.

மூத்த ஊர் என்பது வெறும் பெருமைப் பேச்சன்று. ராஜா அப்துல்லா ஈய வணிகத்துக்காகக் கட்டிய கிடங்கு இன்றும் அங்கே நிற்கிறது. 1857இல் அவருடைய ஆதரவோடு 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி, கோம்பாக் ஆறு வந்து கலக்கும் இடத்தில் இறங்கி, ஈயம் தேடி அம்பாங் காட்டுக்குள் நடந்தார்கள். ஒரு மாதத்திற்குள் காய்ச்சலுக்குத் தப்பி எஞ்சியவர்கள் 18 பேர். அவர்கள் இறங்கிய அந்தச் சேற்றுக் கரையில்தான் கோலாலம்பூர் எழுந்தது.

பழைய கிள்ளானை வண்டியில் இருந்தபடியே பார்த்துவிடலாம் என்று எண்ணுபவர் ஏமாந்துபோவார். ஒருவழிச் சாலைகள் அவரைச் சுற்றிச் சுற்றி அலைய வைக்கும். வண்டியை நிறுத்திவிட்டு நடப்பதே மேல். ராஜா மகாடி கோட்டையின் நுழைவாயில், 1909இல் எழுந்த சுல்தான் சுலைமான் கட்டடம், தெங்கு கிளானா சாலையின் மல்லிகைச் சரங்களும் துணிக்கடைகளும் எல்லாம் நடக்கும் தொலைவில்தான் உள்ளன.

பிறகு ஆற்றைக் கடக்க வேண்டும். கோத்தா பாலம் இரண்டு அடுக்குகள் கொண்டது. மேலடுக்கு வாகனங்களுக்கு, கீழடுக்கு நடந்து செல்வோருக்கும் மிதிவண்டிகளுக்கும் என்றே அமைக்கப்பட்டது. வடகரையிலிருந்து காப்பார் வழியாகக் கோலசிலாங்கூர் செல்லும் சாலையில் முதலில் கடைவீடுகளும் தொழிற்சாலைகளும் வரும். அவற்றைத் தாண்டினால் செம்பனை மரங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சாலையில் ஷா ஆலம் குடும்பம் ஒன்று சென்றுகொண்டிருந்தது. மகன் வண்டியை ஓட்ட, பின்னிருக்கையில் பேத்தியோடு அமர்ந்திருந்த பாட்டி, “கொஞ்சம் மெதுவா போப்பா” என்றார். அவர் பிறந்த தோட்டம் அந்தப் பக்கம்தான். லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புப் பகுதி. ஒரு சிறிய மாரியம்மன் கோவிலை வைத்துத்தான் இடத்தை அடையாளம் கண்டார்.

“இந்தச் செம்மண் பாதையிலதான் உங்க கொள்ளுத் தாத்தா சைக்கிள் ஓட்டுவாரு. துரை எதிர்ல வந்தா இறங்கிடணும்.”

“ஏன் பாட்டி? வழி சின்னதா?”

“வழி பெருசுதான்.”

பாட்டி சொன்னது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள் அதுவும் ஒன்று: துரையையோ கிராணியையோ கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களுக்குத் தொல்லையற்ற பணியிடம், கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றையும் கேட்டார்கள். கூலி உயர்வை மட்டும் கேட்டிருந்தால் அது வழக்கமான தொழில் தகராறாகவே போயிருக்கலாம். சைக்கிளைப் பற்றிக் கேட்டதுதான் துரைமார்களை உறுத்தியிருக்க வேண்டும். இயக்கத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவுக்குள் நுழைந்தார்கள். எல்லார் கவனமும் போரின் பக்கம் திரும்பியது.

கோட்டை வாயிலைக் காணக் கிள்ளானுக்கு வருவோர் பலர். காப்பார் சாலையிலோ யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. லாரிகள் விரைந்தபடியே இருக்கின்றன. அன்று மகன் சாலையோரம் வண்டியை நிறுத்தினார். பாட்டி கோவில் வாசல்வரை நடந்து போய், கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தார். பேத்தி அந்தச் செம்மண் பாதையின் அகலத்தைத் தன் காலடியால் அளந்து பார்த்தாள். பதினொன்று வந்தது. பிறகு மூவரும் ஜெராமுக்கு மீன் சாப்பிடப் போனார்கள்.