காரைக்குடியில் ஒரு பெஞ்ச் வேட்டை

'பத்துக்குப் பத்து ரூம்ல நாலு பேர் படுக்கவே இடமில்லை, இதுல டைனிங் டேபிளா?'னு சிரிக்கிற பார்ட்டியா நீங்க? ஒரு லீவு நாளில் காரைக்குடிக்கு பஸ் ஏறுங்க. இறங்கினதும் நேரா முனீஸ்வரன் கோயில் தெரு.

வரிசையா பழைய பொருள் கடைகள். எனாமல் தூக்குச்சட்டி, சாமி படம், பித்தளைப் பூட்டு... இதையெல்லாம் தாண்டி உள்ளே போனால் தூசி படிஞ்சு கிடக்கிறது மரம். கதவு, நிலை, தூண், உத்தரம், பெஞ்ச்! பர்மாவில் தொழில் செய்த நகரத்தார், அந்த ஊர்த் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து இழைத்த வீடுகளின் மிச்சம் இது. வாரிசுகள் பெருகி, பராமரிக்க ஆளில்லாமல் போகும்போது வீட்டைப் பிரிக்கிறார்கள். மரம் தெருவுக்கு வந்துவிடுகிறது.

இதில் ஒரு தமாஷ். அத்தனை பெரிய வீடுகளிலும் விருந்து என்றால் பந்திப்பாய் விரித்து, இலை போட்டுத் தரையில்தான். அதனால் 'செட்டியார் வீட்டு டைனிங் டேபிள்' என்று காட்டப்படுவது, கதவுக்குக் கால் வைத்ததாகவும் இருக்கலாம். தப்பே இல்லை, நல்ல மரம்தான். ஆனா செதுக்கு வேலை உள்ள கதவு வேண்டாம், குழிக்குள்ள சோத்துப் பருக்கை மாட்டிக்கும். சமமான பலகையா கேளுங்க. 'தூணை அறுத்துக் கால் போட்டுத் தரவா தம்பி?'ன்னா, கும்பிடு போட்டு நகர்ந்துடுங்க. தாத்தாவுக்குத் தாத்தா காலத்துத் தூண், நம்ம தட்டு வைக்கிறதுக்காகத் துண்டாகணுமா?

சின்ன ரூமுக்கு என் ஓட்டு பெஞ்சுக்குத்தான். நாற்காலியில் உட்கார்ந்து எழ, பின்னால் இரண்டரை அடியாவது வேணும். பெஞ்ச் சமர்த்தா டேபிளுக்கு அடியில் போயிடும். ஆளுக்கு 2 அடி கணக்கு. 4 அடி டேபிளில் எதிரெதிரே நாலு பேர் தாராளம். டேபிள் உயரம் 30 அங்குலம், பெஞ்ச் 18. ரூமை மட்டுமில்ல, மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துட்டுப் போங்க. கால் கழலுமான்னு கேட்ட பிறகுதான் பேரம்.

பிடிச்சிருந்தா, தலைகீழா கவிழ்த்துப் பாருங்க. குண்டூசித் துளைகள், கீழே மாவு மாதிரி புதுத் தூள்... பூச்சி இன்னும் உள்ளே குடித்தனம் நடத்துது. அடுத்த கடை! 'பர்மா தேக்கு சார்' என்பதை நம்பி மயங்க வேண்டாம், விற்கிறவர் வாயில் எல்லா மரமும் பர்மா தேக்குதான். அசல் தேக்கிலேயே வெளிறின ஓரப் பகுதி கரையானுக்குப் பிடிக்கும்.

வாங்கியாச்சா? ரசம் கொட்டினா உடனே துடைங்க. குக்கரை அப்படியே இறக்காம கீழே பிரிமணை வைங்க. ரூம் கழுவும்போது தண்ணி ஏறாம இருக்க, கால்களுக்கு ரப்பர் புஷ். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் பூசுறவங்க உண்டு. அது காயாது, தூசியை ஒட்டிக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசா தேய்ச்சு, மிச்சத்தைத் துடைச்சு எடுத்துடுங்க. துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீங்க பாஸ், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. மொட்டைமாடிக் கொடியில் விரிச்சுக் காயப் போடுங்க. ஹவுஸ் ஓனர் முறைச்சா, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க!