ஒரு அடிக் கப்பல்

விமானம் தாங்கிக் கப்பலை டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். பிளாஸ்டிக் மாடல் கிட். நீங்களே ஒட்டி, நீங்களே பெயின்ட் அடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பையனோ, ரிட்டயரான மாமனாரோ ஒன்று கேட்டால், வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விலை கையைக் கடிக்கும் சமாசாரம்.

என்னிடம் புதிதாக வந்து சேர்ந்தது அமெரிக்காவின் நிமிட்ஸ். 1975-ல் அவர்கள் கடற்படையில் சேர்ந்த கப்பல். நிஜத்தில் சுமார் 333 மீட்டர். கிட்டில் அதன் 700-ல் ஒரு பங்கு, அதாவது 47.5 செ.மீ. டப்பா மேலே படம் பிரமாதம். அதை நம்பி முடிவு செய்வது, ஸ்டுடியோ போட்டோவை வைத்து மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி.

கணபதியில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம். தெருவுக்கு ஒருவராவது ஃபவுண்டரியிலோ பட்டறையிலோ வேலை பார்த்தவர் இருப்பார். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் முப்பது வருஷம் மரத்தில் பேட்டர்ன் செய்தவர். பேட்டர்ன் தெரியும்தானே? அந்த மர உருவத்தை மணலில் பதித்து எடுத்தால் விழும் பள்ளத்தில்தான் இரும்பை ஊற்றுவார்கள். டப்பாவை அவரிடம் நீட்டினேன். படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு பாகத்தின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் தடவினார்.

"பிசிறு இல்லீங்க தம்பி. டை புதுசு."

டையின் இரண்டு பாதியும் சேரும் இடம் தேய்ந்துபோனால், அந்த இடுக்கில் பிளாஸ்டிக் கசிந்து சவ்வு மாதிரி நிற்குமாம். அடுத்து மேல்தளத்தைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து, விளிம்பு நெடுக ஒரு போஸ்ட் கார்டைச் செருகிப் பார்த்தார். இரண்டு முனையிலும் நுழையவில்லை. நடுவில் நுழைந்துவிட்டது.

"இழுத்திருக்குதுங்க."

சூடான பிளாஸ்டிக் ஆறும்போது தடித்த இடம் ஒரு வேகத்தில் சுருங்கும், மெலிந்த இடம் வேறு வேகத்தில். நீளமான தகடு வளைந்துவிடும். ஓடுதளமே வளைந்த கப்பலில் விமானம் எப்படி இறங்கும்? ஒட்டும்போது அடிப்பாகத்தோடு சேர்த்துக் கட்டி ஒரு ராத்திரி வைக்கச் சொன்னார். வைத்தேன். நேராகிவிட்டது.

கைப்பிடிக் கம்பிக்கு மட்டும் வைத்தியம் இல்லை. அரை மில்லிமீட்டர் கனம். 700-ஆல் பெருக்கிப் பாருங்கள், 35 செ.மீ. தென்னை மரத்தையா மாலுமி பிடித்துக்கொண்டு நடப்பான்? மெல்லிய பித்தளைத் தகட்டை அமிலத்தில் அரித்துச் செய்த கம்பிகள் தனியாக விற்கிறார்கள். அதன் விலை கிட்டையே எட்டிப் பிடிக்கிறது. மற்றபடி விமானங்கள் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, ஆனால் அத்தனை சுத்தம். பொறுமை இருந்தால் வாங்கலாம்.

பெரியவர் கடைசியாகத்தான் கேட்டார்: "ஏனுங்க, நம்ம கப்பல் ஒண்ணு இருந்துச்சே?"

ஐ.என்.எஸ். விக்ராந்த். 1961-ல் வந்தது. பாய்லரில் விரிசல், முழு வேகம் போக முடியாது. அந்த நிலையிலும் 1971 டிசம்பர் 4-ஆம் தேதி அதிலிருந்து கிளம்பிய ஸீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. 1997-ல் ஓய்வு. மும்பையில் மியூசியமாக 2012 வரை நின்றது. 2014-ல் சுமார் 60 கோடி ரூபாய்க்குக் காயலான் கடைக்குப் போனது. அதன் உலோகத்தில் கொஞ்சம் 2016-ல் பஜாஜின் மோட்டார்பைக்கில் சேர்ந்தது. 2022-ல் கொச்சியில் கட்டி முடித்த விக்ராந்துக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

நான் ஏறி இறங்கிய கடைகளில் விக்ராந்த் என்று கேட்டால் அமெரிக்கா, ஜப்பான் என்று எடுத்துப் போடுகிறார்கள். இத்தனைக்கும் பழைய விக்ராந்தின் நீளம் 700 அடி. 700-ல் ஒரு பங்கென்றால் ஒரு அடி. பள்ளிக்கூட ஸ்கேல் அளவு!

"உருக்கிட்டாங்க, சரி. காஸ்டிங் போனா போகுதுங்க. பேட்டர்ன் வெச்சிருக்காங்களா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் காலை வந்து, விக்ராந்தைப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் எடுத்த போட்டோக்களைக் கேட்டு வாங்கிப்போனார். போன வாரம் போய்ப் பார்த்தேன். தேக்குத் துண்டு ஒன்று பாதிக் கப்பலாகியிருந்தது. அளந்தேன். பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் அரைக்கால் அங்குலம் கூடுதல்.

"தப்பாயிடுச்சுங்களா?"

"இரும்பு ஆறுனா அடிக்கு அவ்வளவு சுருங்குமுங்க தம்பி. பேட்டர்ன்னா ஊத்தறதுக்குத்தானுங்களே?"