கே என்ற எழுத்தின் விலை

கணனியின் புரோசசரை, அதனைச் செய்த நிறுவனம் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேலாக ஓடச் செய்வதை ஓவர்குளொக்கிங் என்பார்கள். இன்டெல் நிறுவனம் 1998 இல் வெளியிட்ட செலெரோன் 300ஏ என்ற மலிவான புரோசசர் இதற்குப் பெயர்பெற்றது. 300 மெகாஹேர்ட்ஸ் வேகத்துக்கென விற்கப்பட்ட அதனை, மதர்போர்ட்டின் பஸ் வேகத்தை 66 இலிருந்து 100 ஆக மாற்றி 450 மெகாஹேர்ட்ஸில் ஓடச் செய்ய முடிந்தது. மேலதிகமாக ஒரு சதமும் கொடுக்காமல் 50 சதவீத வேகம்! பத்திரிகைக் காரியாலயங்களில் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் இக்கதையைக் கேட்டு வாய்பிளந்தவர்களுள் நானும் ஒருவன்.

இலவசமாகக் கிடைப்பதை எந்த வியாபாரிதான் நெடுநாள் விட்டுவைப்பான்? 2011 ஜனவரியில் சாண்டி பிரிட்ஜ் வரிசை வந்தபோது இன்டெல் பஸ் வழியை ஏறத்தாழ அடைத்துவிட்டது. பெயரின் இறுதியில் 'கே' என்ற எழுத்தைக் கொண்டவற்றின் பெருக்கி மாத்திரமே பூட்டின்றி விடப்பட்டது. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஓவர்குளொக் செய்ய பி67 வகை மதர்போர்ட் வேண்டும். ஆனால் புரோசசருக்குள்ளேயே இருந்த, வீடியோவை விரைவாக மாற்றித்தரும் குவிக் சிங்க் வசதி அந்த போர்ட்டில் வேலை செய்யாது. எச்67 போர்ட்டில் அது வேலை செய்யும். ஓவர்குளொக் செய்ய முடியாது. விளையாடுபவனா, வீடியோ வெட்டுபவனா என்பதை வாங்குபவரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு மே மாதம் இசட்68 வந்த பின்னரே இரண்டும் ஒரே மேசையில் அமர்ந்தன.

இந்தப் பழங்கதையை நான் கிளறுவதற்குக் காரணம், வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கையின் மகன். திருமண வீடுகளில் வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுப்பது அவனது தொழில். இரவில் கணனி விளையாட்டு. புதிய கணனிக்கான பணத்தின் பெரும்பகுதி என்னிடமிருந்து செல்வதாலும், என் தங்கைக்கு அவனது தெரிவில் நம்பிக்கை இல்லாததாலும், தீர்ப்பு என்னிடம் வந்தது. "மாமா, பூட்டினதை வாங்கிப்போட்டால் பிறகு ஒண்டும் செய்யேலாது" என்பது அவனது வாதம்.

அவன் முதலில் விரும்பியது ஏஎம்டியின் ரைசன் 7 9800 எக்ஸ்3டி. 2024 நவம்பரில் வெளிவந்தது. 8 கோர்களும் 96 மெகாபைட் எல்3 கேஷும் கொண்டது. 2022 இல் வந்த 5800 எக்ஸ்3டியில் மேலதிக கேஷ் கோர்களின் மேல் அடுக்கப்பட்டிருந்தபடியால் வெப்பம் வெளியேறுவது கடினமாயிருந்தது, ஓவர்குளொக்கிங்கும் பூட்டப்பட்டிருந்தது. 9800 இல் கேஷைக் கோர்களின் கீழே வைத்து, பூட்டையும் திறந்துவிட்டார்கள். விளையாட்டுக்கு இன்டெல்லின் புதிய வரிசை அதனருகே வரமுடியவில்லை என்பது உண்மை.

எனினும் அந்த வேறுபாட்டைக் காண்பதற்கு வலுவான கிராபிக்ஸ் கார்ட் வேண்டும். அவனிடம் இருப்பது 2021 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060. விளையாட்டுகளில் முதலில் மூச்சுவாங்கப் போவது அந்தக் கார்ட்தான். புரோசசர் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கும். அத்துடன் அவனது கமரா பதிவு செய்வது 10 பிட், 4:2:2 வகை எச்.265 கோப்புகளை. அவ்வகையை வன்பொருளால் விரித்துக் காட்டும் திறன் அந்தக் கார்ட்டிலும் இல்லை, ரைசனின் உள்ளே இருக்கும் கிராபிக்ஸிலும் இல்லை. முழுச் சுமையும் கோர்களின் தலையில் விழும், டைம்லைன் தடுமாறும். இன்டெல்லின் குவிக் சிங்க் அதனைச் சுலபமாகச் செய்கின்றது. 2025 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்ட் ஒன்றையும் சேர்த்து வாங்கும் வசதி இருந்திருந்தால் என் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும். இருக்கவில்லை.

ஆகவே கோர் அல்ட்ரா 7 265கே. 8 பெரிய கோர்கள், 12 சிறிய கோர்கள். கடைக்காரர் 'கேஎஃப்' ஐக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார். எஃப் என்றால் உள் கிராபிக்ஸ் இல்லை, குவிக் சிங்க்கும் இல்லை. மிச்சம் பிடித்த காசு எதற்காக வாங்குகிறோமோ அதையே கொண்டுபோய்விடும். இன்னொரு கடையில் பாவித்த 13ஆம் தலைமுறை ஐ9 ஒன்றை மலிவாகக் காட்டினார்கள். 13ஆம், 14ஆம் தலைமுறைப் புரோசசர்கள் பல, அளவுக்கு மிஞ்சிய வோல்டேஜினால் நிலைகுலைந்தமையை 2024 இல் இன்டெல் ஏற்றுக்கொண்டு, மைக்ரோகோட் திருத்தமும் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருடங்கள் நீடித்தது. ஏற்கனவே பழுதடைந்ததை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. முன்பிருந்தவர் அதனை எப்படி ஓட்டினார் என்பதை யார் அறிவார்? வேண்டாம் என்றேன்.

இனி ஓவர்குளொக்கிங். 265கே தானாகவே 5.5 கிகாஹேர்ட்ஸ் வரை ஏறிக்கொள்கிறது. செலெரோன் காலத்தில் வாங்குபவருக்குக் கிடைத்ததை இப்போது நிறுவனமே எடுத்து விற்றுவிடுகிறது. மனிதர் தேடிப்பிடிக்க மிஞ்சியிருப்பது சில சதவீதம்தான். மின்செலவு வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் 33 சதவீதம் அதிக வெப்பம். 20 பாகை சொச்சம் உள்ள அறையில் ஐரோப்பியர்கள் செய்து காட்டுவதை, 31 பாகை வெள்ளவத்தை அறையில் எதிர்பார்க்க முடியாது. அறையின் வெப்பம் கூடிய அளவுக்குப் புரோசசரின் வெப்பமும் கூடும். விளையாட்டின் நடுவே கணனி நின்றால் இன்னொரு தடவை விளையாடலாம். நள்ளிரவில் 90 சதவீதம் முடிந்த ஒரு திருமண வீடியோ நின்றால், காலையில் பெண் வீட்டாருக்கு யார் பதில் சொல்வது?

பூட்டில்லாத பெருக்கியையும் பி860 போர்ட்டில் கூட்ட முடியாது. இசட்890 தான் வேண்டும். பி860 க்கு உரிய பணத்தை நான் தருவேன், வித்தியாசத்தை நீ போடு என்றேன். மறுபேச்சின்றிப் போட்டான், அவன் உழைத்த காசு. 64 கிகாபைட் ராம், பெரிய கூலர், இவற்றோடு ஒரு யூபிஎஸ்ஸும் சேர்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருட்டாக்கியதை மறந்தவர்கள் மாத்திரமே யூபிஎஸ் இல்லாமல் வீடியோ தொழில் செய்வார்கள்.

பயோஸில் இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைத்தோம். முதலாவது, நிறுவனம் கொடுத்தபடி, தொழிலுக்கு. இரண்டாவது அவனது விருப்பப்படி, விளையாட்டுக்கு. இரவு முழுவதும் சோதனை ஓடி நிற்காமல் இருந்தால் மட்டுமே வைத்திருக்கலாம் என்ற நிபந்தனையுடன். இந்த வாரம் ஒரு பூப்புனித நீராட்டு விழாவும் இரண்டு திருமணங்களும் கையில் இருப்பதனால், இரண்டாவது அமைப்பு இன்னமும் சோதிக்கப்படவில்லை என்று தங்கை தொலைபேசியில் சொன்னாள்.