மூவாயிரம் ரிங்கிட் முன்பணம்

கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு நாள் மஸ்ஜித் இந்தியாவுக்குச் சென்றிருந்தோம். துணைவியார் புடவைக் கடைக்குள் நுழைந்துவிட, நான் அருகிலிருந்த உணவகத்தில் தே தாரிக்கோடு அமர்ந்தேன். சட்டைப்பையில் ஒரு விளம்பரத்தாள். தகவல் தொழில்நுட்பத்தில் இணையவழி முனைவர் பட்டம், பதினெட்டே மாதங்கள், மொத்தம் 12,000 ரிங்கிட். அன்று மாலைக்குள் 3,000 ரிங்கிட் முன்பணம் கட்டினால் கழிவும் உண்டாம். மகளின் மேற்படிப்புக்கென ஒதுக்கிய தொகையிலிருந்து அதைக் கட்டிவிட எண்ணியிருந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

என் முன்னாள் மாணவர் ஒருவரை அங்கே சந்தித்தேன். கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரியில் கணினித்துறை விரிவுரையாளர். தாளைப் படித்தவர் கட்டணத்தைப் பற்றிப் பேசவேயில்லை.

“ஐயா, எதை ஆராயப் போகிறீர்கள்?”

சொன்னேன். இருபது ஆண்டுகளாகத் திருத்திய கட்டுரை ஏடுகளில் நான் கண்டது இது. “மறத்தில் குருவி கூடு கட்டியது” என்று மாணவர் எழுதினால் எழுத்துப்பிழை திருத்தி வாய் திறப்பதில்லை. மறம் என்பதும் சொல்தானே! அரம் அறமாவதும், அலை அளையாவதும் அப்படித்தான். சொல்லை மட்டும் பாராமல், அது நிற்கும் வாக்கியத்தையும் பார்க்கும் ஒரு மென்பொருள் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

“அருமை ஐயா. நெறியாளர் யார்?”

தாளில் பெயர் இல்லை. அங்கிருந்தே தொலைபேசியில் கேட்டேன். சேர்ந்த பின் நியமிப்பார்களாம்.

“தம்பி, அது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், தர அங்கீகாரம் இருக்கிறதாமே” என்றேன். அவர் சிரிக்கவில்லை. கராச்சியின் அக்சாக்ட் நிறுவனம் போலிப் பட்டங்களை விற்றதை 2015-இல் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியதை நினைவூட்டினார். அங்கே பல்கலைக்கழகங்கள் மட்டுமல்ல, அவற்றுக்குச் சான்று வழங்கிய அமைப்புகளும் போலியாம். ஆகவே சான்று தந்தவர் யார் என்றும் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் 2007-இல் அமைந்த மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டை எவரும் கட்டணமின்றி இணையத்தில் தேடலாம். முனைவர் பட்டம் அதில் எட்டாம் நிலை. தேடினோம், விளம்பரத்திலிருந்த படிப்பு இல்லை. இந்தியாவில் படிக்கலாமா என்றும் கேட்டேன். வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து இணைய நிறுவனங்கள் விற்கும் முனைவர் பட்டங்கள் செல்லாதென அங்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 அக்டோபரிலேயே எச்சரித்துவிட்டது.

மலிவு என்பதையும் அன்றுதான் கணக்கிட்டுப் பார்த்தேன். பருவத்திற்கு 3,500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பருவத்தில் முடித்தால் 28,000. நெறியாளர் சரியில்லாமல் பன்னிரண்டு பருவம் இழுத்தால் 42,000. கட்டணப் பட்டியலில் இந்த வேறுபாடு தெரியாது. வருமான வரியில் சொந்தக் கல்விக்கு 7,000 ரிங்கிட் வரை விலக்குண்டு. அது வரிக்குரிய வருமானத்தில் கழிவதே தவிர, கையில் வரும் பணமன்று. அதுவும் அங்கீகாரம் பெற்ற நிறுவனமாயின் மட்டுமே. (இதைப் பல ஆசிரியர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.)

மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000-இல் தொடங்கியது. வாவாசான் 2006-இல், ஆசிய இ பல்கலைக்கழகம் 2007-இல். வேலையை விடாமல் படிக்க இங்கேயே வழியுண்டு. எனினும், முதலில் பல்கலைக்கழகத்தைத் தேடாமல் ஆளைத் தேடுங்கள் என்றார் மாணவர். ஒரு பக்க ஆய்வுக் குறிப்பு எழுதி மூன்று பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். இருவர் மறுமொழி தரவில்லை. மலாய்ச் சொற்களின் வேரைக் கணினிவழி பிரிப்பதில் ஆய்வு செய்யும் மூன்றாமவர் ஒரே வரியில் கேட்டிருந்தார்: உங்களிடம் எத்தனை ஏடுகள் உள்ளன?

அந்தக் கதை பிறகு. அன்று மஸ்ஜித் ஜாமெக்கில் இரயில் ஏறியதும் துணைவியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “படித்து முடிக்கும்போது உங்களுக்கு என்ன வயதிருக்கும்?” என்றார்.

“ஐம்பத்து நான்கு.”

“படிக்காவிட்டாலும் அதே வயதுதானே” என்று சொல்லிப் புடவைப் பையை என் மடியில் வைத்தார். விலையைக் கேட்க எனக்குத் துணிவில்லை.