பயந்து செத்தால் ஆயிரம் டாலர்!

படம் பார்க்கப் போகிறீர்கள். டிக்கெட்டோடு சேர்த்து ஒரு இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் கையில் கொடுக்கிறார்கள். படம் ஓடும்போது பயத்தில் நீங்கள் மண்டையைப் போட்டால் உங்கள் குடும்பத்துக்கு ஆயிரம் டாலர். எழுதிக் கொடுத்திருப்பது ஏதோ டுபாக்கூர் கம்பெனி இல்லை, லண்டன் லாயிட்ஸ். தியேட்டர் வாசலில் நர்ஸ் உடுப்பில் பெண்கள். வெளியே ஒரு பிணவண்டி ரெடியாக நிற்கிறது.

கதை இல்லை மக்களே, நிஜம். 1958ல் அமெரிக்காவில் வெளிவந்த 'மகாபர்' என்ற பேய்ப்பட பாணி த்ரில்லருக்கு, அதன் இயக்குநர் வில்லியம் காஸில் செய்த விளம்பரம் இது. வீட்டை அடமானம் வைத்துப் படம் எடுத்த மனுஷன். பெரிய நட்சத்திரம் யாரும் கிடையாது. படமும் சுமார் ரகம்தான். ஆனால் அந்தப் பத்திரத்தைக் கையில் வாங்கியவனுக்கு, அப்படி உள்ளே என்னதான் இருக்கு என்று பார்க்காமல் தூக்கம் வருமா? படம் ஓடிவிட்டது. ஆயிரம் டாலர் வாங்கும் பாக்கியம் மட்டும் யாருக்கும் வாய்க்கவில்லை :-)

அதற்கப்புறம் தலைவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. 1959ல் 'ஹவுஸ் ஆன் ஹான்டட் ஹில்'. திரையில் எலும்புக்கூடு வருகிற நேரம் பார்த்து, தியேட்டருக்குள் நிஜமாகவே ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு கம்பியில் தொங்கிக்கொண்டு ஜனங்களின் தலைக்கு மேல் வரும். இதற்கு 'எமர்கோ' என்று பேர் வேறு. பார்த்தவர்கள் பயந்தார்களா? பசங்க பாப்கார்ன் டப்பாவால் குறி பார்த்து அடித்தார்கள். அதே வருஷம் 'தி டிங்லர்'. மனிதனின் முதுகெலும்பில் ஒரு ஜந்து இருக்கிறதாம், பயந்தால் வளருமாம், கத்தினால்தான் அடங்குமாம். படத்தின் ஒரு கட்டத்தில் அந்த ஜந்து ஒரு தியேட்டருக்குள் தப்பித்து ஓடும். உடனே திரை இருட்டாகிவிடும். கத்துங்கள், உயிர் பிழைக்கக் கத்துங்கள் என்று ஹீரோ வின்சென்ட் ப்ரைஸின் குரல் மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் சில சீட்டுகளுக்கு அடியில் பொருத்தியிருக்கும் சின்ன மோட்டார்கள் உறுமும். உட்கார்ந்திருப்பவன் கதி என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1961ல் வந்த 'ஹோமிசைடல்'. கிளைமாக்ஸுக்கு முன்னால் 45 விநாடி இடைவேளை. திரையில் கடிகாரம் ஓடும். இதற்கு மேல் பார்க்கத் தைரியம் இல்லை என்பவர் எழுந்து போய் டிக்கெட் காசைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். இதில் ஜனங்கள் செய்த தில்லுமுல்லு என்னவென்றால், ஒரு காட்சியை முழுசாகப் பார்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்து, அடுத்த காட்சியின் இடைவேளையில் போய் காசு கேட்டார்கள். காஸில் விடுவாரா? காட்சிக்குக் காட்சி டிக்கெட் நிறத்தை மாற்றினார். போதாததற்கு, காசு கேட்பவர்கள் எல்லோரும் பார்க்க 'பயந்தாங்கொள்ளி மூலை' என்ற மஞ்சள் நிறக் கூண்டில் போய் நிற்க வேண்டும் என்று வைத்தார். காசும் கேட்டு மானமும் போக வேண்டுமா என்று பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

சரி, இவர் பண்ணியதெல்லாம் ஏமாற்று வேலைதானே என்று கேட்கலாம். ஆமாம், ஏமாற்று வேலைதான். 'மிஸ்டர் சார்டோனிகஸ்' படத்தில் வில்லனைத் தண்டிக்கலாமா மன்னிக்கலாமா என்று பார்வையாளர்களிடம் ஓட்டுக் கேட்டார். கட்டைவிரல் படம் போட்ட அட்டையை மேலே காட்டினால் மன்னிப்பு, கீழே காட்டினால் தண்டனை. எந்த ஊரிலும் மன்னிப்பு ஜெயித்ததாகத் தகவல் இல்லை. அந்த மன்னிப்பு முடிவை யாரும் இதுவரை பார்த்ததும் இல்லை. ஆனால் காஸிலின் ஏமாற்று வேலையில் ஒரு நாணயம் இருந்தது. நான் உன்னை ஏமாற்றப் போகிறேன், வா விளையாடலாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். உள்ளே போகிறவனுக்கும் அது தெரியும். மேஜிக் பார்க்கப் போகிறவன் போல, தெரிந்தேதான் போவான். லைட் போட்டதும் விளையாட்டு முடிந்துவிடும். எலும்புக்கூடு பெட்டிக்குள் போய்விடும், ஜனங்கள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

லைட் போட்ட பிறகும் முடியாத ஒரு விளம்பரமும் உண்டு. அதுதான் 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்'.

1997 அக்டோபரில், மேரிலாந்து மாநிலக் காட்டில் எட்டே நாளில் எடுத்த படம். சூனியக்காரியைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்கப் போன மூன்று மாணவர்கள் காணாமல் போகிறார்கள், அவர்கள் எடுத்த வீடியோ மட்டும் கிடைக்கிறது என்பது கதை. கேமராவைப் பிடித்ததும் நடிகர்கள்தான், வசனத்தைப் பெரும்பாலும் அந்தந்த இடத்தில் பேசியதும் அவர்கள்தான். 1999 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ஆர்டிசன் நிறுவனம் இதைச் சுமார் 11 லட்சம் டாலருக்கு வாங்கியது.

விளம்பரம் எப்படி தெரியுமா? 'காணவில்லை' நோட்டீஸ். மூன்று நடிகர்களின் நிஜப் புகைப்படம், நிஜப் பெயர். படத்திலேயே அவர்கள் தங்கள் சொந்தப் பெயரில்தான் வருகிறார்கள். இணையதளத்தில் சூனியக்காரியின் 'வரலாறு', போலீஸ் தேடிய 'படங்கள்'. ஐஎம்டிபி தளத்தில் மூவரும் காணவில்லை, இறந்திருக்கலாம் என்று போட்டிருந்தது. இணையத்தில் எதைப் பார்த்தாலும் சந்தேகப்படும் பழக்கம் அப்போது யாருக்கும் இல்லை. நிறைய பேர் நம்பினார்கள். படம் உலகம் முழுக்க 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

போன வருஷம் ஹாஸ்டலில் ஆறு பேர் சேர்ந்து லேப்டாப்பில் இந்தப் படத்தைப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் ரூம்மேட், "மச்சி, காட்டையே காட்றான், பேய் எப்ப வரும்?" என்றான். இன்னொருத்தன் தூங்கியே போனான். அவர்கள் மேல் தப்பில்லை. அந்தப் படத்தில் பாதி திரையில் இல்லை, அந்த நோட்டீஸில் இருந்தது. இது நிஜம் என்று நம்பி உள்ளே போனவனுக்கு இலை அசைந்தாலே உயிர் போயிருக்கும். எல்லாம் தெரிந்துகொண்டு பார்க்கிற நமக்கு அது வெறும் இலை.

சரி, அந்த மூன்று பேர் என்ன ஆனார்கள்? இதைத் தேடிப் படித்த பிறகுதான் எனக்கு அந்த விளம்பரம் கசந்தது. ஹெதர் டோனஹ்யூ, மைக்கேல் வில்லியம்ஸ், ஜோஷுவா லியோனார்ட். ஒரு நடிகனின் முதல் படம் உலகமே பேசும் ஹிட் ஆனால் அவன் என்ன செய்வான்? பேட்டி கொடுப்பான், மேடை ஏறுவான், அடுத்த வாய்ப்பு தேடுவான். இவர்களோ 'செத்துப்போனவர்கள்'. அதனால் படம் வெளிவரும்வரை தலைகாட்டாமல் இருக்க வேண்டியிருந்தது. ஹெதரின் அம்மாவுக்கு துக்கம் விசாரித்து அட்டைகள் வந்தன. பெற்ற பெண் உயிரோடு இருக்கும்போது! அடுத்த பாகத்திலும் தங்கள் பெயரைப் பயன்படுத்தியதற்காக மூவரும் வழக்குப் போட வேண்டி வந்தது, அது சமரசத்தில் முடிந்தது. ஹெதர் பிற்பாடு தன் பெயரையே ரே ஹான்ஸ் என்று மாற்றிக்கொண்டார். 2024ல், புதிதாக ஒரு பிளேர் விட்ச் படம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்ததும், உரிமை வைத்திருக்கும் லயன்ஸ்கேட் நிறுவனத்துக்கு மூவரும் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். 25 வருஷம் கழித்தும், எங்களுக்குச் சேர வேண்டிய தொகையைக் கொடுங்கள், எங்கள் பெயரைப் பயன்படுத்தும் முன் எங்களைக் கேளுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

காஸிலின் விளம்பரத்தில் கஷ்டப்பட்டது ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. இங்கே மூன்று மனிதர்கள்.

அப்படியென்றால் ஒளிவுமறைவில்லாமல் விளையாடினால் காசு கொட்டுமா? அதுவும் இல்லை. 2006ல் 'ஸ்நேக்ஸ் ஆன் எ ப்ளேன்' வந்தது. விமானத்தில் பாம்பு, பெயரிலேயே மொத்தக் கதையும் முடிந்தது. ஸ்டுடியோ பெயரை மாற்றப் பார்த்தபோது, இந்தப் பெயருக்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்று சாமுவேல் எல். ஜாக்சன் தடுத்துவிட்டார். இணையத்தில் ரசிகர்கள் போஸ்டர், பாட்டு, போலி ட்ரெய்லர் என்று வெளுத்து வாங்கினார்கள். அவர்கள் ஆசைப்பட்டபடி ஸ்டுடியோ ஐந்து நாள் மறுபடியும் ஷூட்டிங் வைத்தது. அப்படி ஒரு பில்டப்பு. முதல் வார இறுதியில் வந்தது சுமார் ஒன்றரைக் கோடி டாலர். 3.3 கோடி பட்ஜெட் படத்துக்கு இது ஏமாற்றம்தான். சிரித்தவர்களில் பாதிப் பேர் டிக்கெட் வாங்கவில்லை. ஜோக்கை ஏற்கெனவே ஓசியில் ரசித்தாகிவிட்டதே! ஆனாலும் யாரும் காயப்படவில்லை. நஷ்டம் என்றால் கம்பெனிக்கு, அவ்வளவுதான்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், விஷயம் நம் வகுப்பு வாசலுக்கே வந்திருக்கிறது. குறும்பட விழாவுக்கு நம் டிபார்ட்மெண்ட் எடுத்திருக்கும் இருபது நிமிஷப் பேய்ப் படத்துக்கு, ஹீரோயினாக நடித்த ஜூனியர் பெண்ணின் போட்டோவைப் போட்டு 'காணவில்லை' நோட்டீஸ் அடித்து, கல்லூரி முதல் பஸ் ஸ்டாண்ட் வரை ஒட்டலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. சொன்ன சீனியர் அண்ணன் நல்லவர், சினிமா மேல் உயிரையே வைத்திருப்பவர். ஐடியாவும் வேலை செய்யும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலை செய்யும் என்பதுதான் பிரச்சினை. அந்தப் பெண்ணின் சொந்தக்காரர் யாராவது பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்தால் அவள் வீட்டுக்கு எத்தனை போன் போகும்? படம் முடிந்து நாம் எல்லோரும் வேறு வேலை பார்க்கப் போனபிறகும் அந்தப் போட்டோ யார் யார் போனிலோ ஃபார்வர்டு ஆகிக்கொண்டே இருக்கும். அதை யார் போய் கிழிப்பது?

என் ஓட்டு காஸிலுக்குத்தான். மஞ்சள் சார்ட் பேப்பரில் பயந்தாங்கொள்ளி மூலை ஒன்று செய்வோம். பிட் நோட்டீஸில் இன்ஷூரன்ஸ் பத்திரம் அடிப்போம். பயந்து செத்தால் கேண்டீன் கணக்கில் ஒரு பிளேட் புரோட்டா என்று போடுவோம். கூட்டம் வராவிட்டால் நான் பொறுப்பு. வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் இதைத்தான் சொல்லப் போகிறேன், ஒத்துப்போகிறவர்கள் கூட நின்றால் நல்லது.

பஸ் ஸ்டாண்ட் சுவரில் 'காணவில்லை' என்று பார்த்தால் ஒரு நிமிஷம் நின்று அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். நிஜமாகவே பிள்ளையைத் தொலைத்தவர்களுக்கு அந்த ஒரு நிமிஷம்தான் கதி. அதில் நம் படத்தை ஓட்ட வேண்டாம்.