பழுப்புக் கிளி

போன மார்கழியில லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். (பால்கோவா எங்கேன்னு கேக்க வந்தவங்க இங்கயே கழண்டுக்கலாம் :-))

எங்க தெருவுல மார்கழி சாயங்காலம் ஒரு கூட்டம் நடக்கும். முன்னாடி பெரியவங்களுக்கு உபன்யாசம். பின்னாடி ஜமுக்காளத்துல சின்னப் பிள்ளைங்களுக்கு வெள்ளைத் தாள், கலர் பென்சில். பிள்ளைங்க சத்தம் போடாம இருந்தாப் போதும், அதுதான் இந்த ஏற்பாட்டோட தத்துவம். ஏழு வயசு அக்கா பொண்ணைப் பார்த்துக்கிற வேலை எனக்கு.

அன்னைக்குத் தலைப்பு ஆண்டாள் கிளி. தெரியாதவங்களுக்காக: ஆண்டாளோட இடது கையில இருக்கிற கிளி தினமும் புதுசா செய்யறது. மரவள்ளி இலையில உடம்பு, மாதுளம்பூவுல மூக்கு, வாழைநாரால கட்டு. சாயங்காலம் ஆண்டாள் கைக்குப் போற கிளி, மறுநாள் ஒரு பக்தர் வீட்டுக்குப் பிரசாதமாப் போயிடும்.

எங்க வாண்டு என்ன பண்ணிச்சுன்னா, டப்பாவுல இருந்து பிரவுன் கலரை எடுத்து முழுக்கத் தீட்டிடுச்சு. உடம்பு சுருங்கி, வால் தொங்கி, பாக்கவே பாவமா ஒரு கிளி.

நமக்குத்தான் அடுத்தவன் எழுதினதுல தப்புக் கண்டுபிடிக்கவே சம்பளம் குடுக்கறாங்களே. கை சும்மா இருக்குமா? "கிளி பச்சையால்ல இருக்கும்டா செல்லம்"னு ரப்பரை எடுத்து அழிச்சு, பச்சையடிச்சு, மூக்கையும் அழகா வளைச்சுக் குடுத்தேன். "இப்ப நல்லாருக்குல்ல?"

தலையை ஆட்டினா. பென்சிலைக் கீழே வச்சா. மறுநாள் தாளை நீட்டினப்போ, "நீங்களே வரைங்க மாமா"ன்னுட்டா. கோபமெல்லாம் இல்ல. நிஜமாவே எனக்கு நல்லா வரும்னு நம்பிச் சொன்னா. அதான் என்னவோ போல ஆயிடுச்சு.

அன்னைக்கு உபன்யாசம் நாச்சியார் திருமொழி. மொத்தம் 143 பாசுரம். அதுல இரண்டாம் திருமொழி முழுக்க, மணல்ல சிற்றில் கட்டி விளையாடற பொண்ணுங்க, "எங்க வீட்டைச் சிதைக்காதே"ன்னு கண்ணன்கிட்ட கெஞ்சறதுதான். கட்டினது மணல் வீடு. ஆனா அதுக்காகப் பத்துப் பாசுரம்! கூட்டமே உருகிக் கேட்டுச்சு. நானும் உருகினேன், முந்தின நாள் ரப்பர் பிடிச்ச அதே கையால கன்னத்துல போட்டுக்கிட்டு.

அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்குச் சுண்டல் குடுக்கப் போனேன். அவங்க பூஜை ரூம்ல ஒரு கிளி. எப்பவோ கோயில்ல இருந்து பிரசாதமா வந்தது. இலையெல்லாம் காஞ்சு, பழுப்பாகி, சுருங்கி, வால் தொங்கி...

"உங்கக்கா பொண்ணு வந்தா இதைத்தான் பாத்துக்கிட்டே நிப்பா தம்பி"ன்னாங்க அந்த வீட்டுப் பாட்டி.

எனக்குப் பேச்சு வரல. அவ பார்த்ததை வரைஞ்சிருக்கா. 'கிளின்னா பச்சை'ன்னு எப்பவோ மனப்பாடம் பண்ணினதை வச்சு நான் திருத்தியிருக்கேன். "ஏன் பிரவுன்?"னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பா. காலண்டர் படத்தை அச்சா வரையற பிள்ளைக்கே வருஷா வருஷம் பரிசு குடுக்கறோம். நாம பாக்காததைப் பாத்த பிள்ளைக்கு ரப்பர் குடுக்கறோம். பெரியாழ்வார் வீட்டுப் பொண்ணு பாடினதைத் தலைமேல வச்சுக் கொண்டாடற ஊர்லதான் இதுவும் நடக்குது.

சாயங்காலம் அவகிட்ட சாரி சொன்னேன். "பரவால்ல மாமா"ன்னா. திட்டியிருந்தாக் கூட நிம்மதியா இருந்திருக்கும்.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள், அவளாவே ஒரு தாளை எடுத்தா. நான் பக்கத்துல உக்காரப் போனேன்.

"நீங்க அங்கிட்டுப் போங்க மாமா."

போய்ப் பெரியவங்களோட உக்காந்தேன். கூட்டம் முடியற வரைக்கும் திரும்பிப் பாக்கல. என்ன வரைஞ்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.