ஊசிமுனைத் துளையில் ஒரு நாள் கூலி

கார்புரேட்டர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லும் தேர்வுக் கேள்விதான். எங்கள் குன்னத்தூர் பக்கம் அது சோத்துப் பிரச்சினை!

திருப்பூர் கம்பெனிகளில் வெட்டிய பனியன் துணி, மூட்டை மூட்டையாக எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு வருகிறது. ஓவர்லாக், பேட்லாக் மெஷின் போட்ட வீடுகளில் தைத்து முடித்ததும் திரும்பிப் போகிறது. இந்தப் போக்குவரத்தில் பாதி, மொபெட்டின் முதுகில்தான். 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50-உம், அதன் வழியில் வந்த எக்ஸ்.எல். வண்டிகளும் சுமக்காத பாரமா? வண்டி நின்றால் பீஸ் நிற்கும். பீஸ் நின்றால் தைக்கிற அக்காவுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் குறையும்.

அந்த வண்டியின் மூச்சுக்குழல்தான் கார்புரேட்டர். காற்று வேகமாக ஓடுமிடத்தில் அழுத்தம் குறையும் என்று பெர்னூலி 1738-லேயே எழுதி வைத்தார். கார்புரேட்டரின் இடுங்கிய கழுத்தில் நடப்பது அதுதான். காற்று விரைய, அழுத்தம் குறைய, கீழே கிண்ணத்திலிருக்கும் பெட்ரோல் ஜெட் வழியாக மேலேறித் தூறலாகக் கலக்கிறது. மிதவையும் ஜெட்டும் கொண்ட இந்த அமைப்பை 1893-இல் ஜெர்மனியின் மேபாக் உருவாக்கினார். மிதவை வேறொன்றுமில்லை, நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் பந்து வால்வு மாதிரி! பெட்ரோல் நிறைந்தால் ஊசி வால்வை மூடும்; குறைந்தால் திறக்கும். பெட்ரோல் முழுவதும் எரிய, எடையில் 1 பங்குக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும்.

விடுமுறையில் நான் எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் கைவேலை பழகினேன். ஒருநாள் மூட்டை ஏற்றுகிற மாமா ஒருவர் தன் பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல்.லைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தம்பி, பெட்ரோல் குடிக்குது பாரு, தண்ணி மாதிரி. மூட்டைக்குப் பேசின கூலி பெட்ரோலுக்கே போயிருதுப்பா."

பட்டறை அண்ணன் முதலில் பிளக்கைக் கழற்றினார். கரி அப்பிக் கன்னங்கரேல் என்றிருந்தது. செங்காவியாக இருந்தால் கலவை சரி. கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்தால் காற்று அதிகம். அடுத்து ஏர் ஃபில்டர். திறந்தால் பஞ்சு மெத்தை! தறிக்குடோனிலும் பனியன் கம்பெனி வாசலிலும் நிற்கிற வண்டி, தூசியோடு பஞ்சையும் இழுக்கிறது. காற்று வழி அடைபட்டால் பெட்ரோல் பங்கு தானே கூடும்.

பிறகு மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"ஏனுங் மாமா, இதுல கம்பி விட்டது யாருங்க?"

முன்பு ஒருமுறை அடைப்பென்று வேறெங்கோ காட்டியிருக்கிறார். அங்கே எஃகுக் கம்பியால் குத்தியிருக்கிறார்கள். வண்டி அன்றைக்கு ஓடியது. ஆனால் ஜெட் பித்தளை. அதன் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கம்பி பட்டால் துளை அகலும். அன்றிலிருந்து தினமும் மாமா பையிலிருந்து காசு வழிந்திருக்கிறது!

அண்ணன் சொன்ன வரிசையை நோட்டில் எழுதிக்கொண்டேன். முதலில் பெட்ரோல் குழாயை மூடு. கிண்ணத்தைக் கழற்றி அடியில் தங்கிய தண்ணீரையும் கசடையும் கொட்டு. மிதவையைக் காதருகே ஆட்டிப் பார். உள்ளே சலசலத்தால் ஓட்டை. மிதவையை எடுத்துவிட்டு ஜெட், துளைகள் எல்லாவற்றிலும் காற்றடி, கம்பி தொடாதே. ஜெட் கெட்டிருந்தால் அதே எண்ணுள்ள புதியதைப் போடு. ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க மூடி, கம்பெனி சொன்ன சுற்று திற. இன்ஜின் சூடான பிறகே ஐடிலிங் வை.

புது ஜெட் போட்டு, ஃபில்டரை அலசி மாட்டினோம். அடுத்த வாரம் மாமா, "இப்ப கட்டுபடியாகுதுப்பா" என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை டிஸ்டிங்ஷன் வாங்கிய மாதிரி!

"இனிமே கார்புரேட்டர் எதுக்குடா?" என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. கேள்வி நியாயம்தான். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின், புதிய இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவை எரிபொருள் ஊசிமுறைக்கு மாறிவிட்டன. ஆனால் பழைய மொபெட்டும், தோட்டத்து மருந்தடிக்கும் மெஷினும், புல்வெட்டியும் இன்னும் கார்புரேட்டரோடுதான் ஓடுகின்றன. அதோடு இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பல நாள் ஓட்டாமல் நிறுத்தும் இன்ஜினில் கிண்ணத்தைக் காலி செய்து வைப்பது நல்லது.

ஊசிமுறையிலும் கணக்கு அதேதான்: இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு பெட்ரோல். அங்கே சென்சார் அளக்கிறது. இங்கே ஒரு பித்தளைத் துளை அளக்கிறது. அளவு தெரியாத கை எதைத் தொட்டாலும் நஷ்டம், வண்டிக்காரருக்குத்தான். டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம்மை நம்பி நாலு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அப்போது கம்பியைத் தேடாமல், காரணத்தைத் தேடுவோம் நண்பர்களே!